பழைய படத்தை வைத்துப் போர்வீரர் கல்லறையைக் கண்டுபிடிப்பது எப்படி?

பரணில் இருந்த டிரங்குப் பெட்டியில் ஒரு படம் கிடைக்கிறது. வரிசையாக மரச் சிலுவைகளோ கற்களோ நிற்கின்றன, பின்னால் ஒரு மலை, பின்பக்கத்தில் பென்சிலில் ஓர் ஊர்ப் பெயர். "இதுதான் பெரிய தாத்தாவோட சமாதி" என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறார்கள். அந்தப் படத்திலிருந்து அந்த ஒரு கல்லுக்குப் போய்ச் சேருவது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். எங்கள் வீட்டுப் படத்துக்காக நான் அலைந்தபோது இதையெல்லாம் கோர்வையாகத் தமிழில் சொல்ல ஆளில்லை.

இரண்டு உலகப் போர்களிலும் பிரிட்டிஷ் இந்தியப் படையில் இருந்து இறந்தவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். இவர்களின் கல்லறைகளையும் பெயர்ப் பட்டியலையும் பராமரிப்பது காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம். இனி வெறும் 'ஆணையம்' என்கிறேன்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். கல்லறைப் படத்தில் முதலில் கண்ணில் படுவது அந்தக் கல்தான். தேடுவதற்கு மிகக் குறைவாக உதவுவதும் அதுவே. மரச் சிலுவை கல்லாக மாறியிருக்கும், கல்லறையே வேறு ஊருக்குப் போயிருக்கும். படத்தின் ஓரத்தில் இருக்கும் மலை, சுவர், கோபுரம் இவைதான் நகராதவை. அவற்றை வைத்துத்தான் வேலை.

1. படத்தை ஓரமாக வையுங்கள், எண்ணைத் தேடுங்கள்

பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தேடினால் முத்துசாமிகள் வரிசையில் வந்து நிற்பார்கள். ஆளை அடையாளம் காட்டுவது ராணுவ எண். அது எங்கெல்லாம் கிடைக்கும்?

பதக்கம் இருந்தால் அதன் முகப்பைப் பார்ப்பதோடு நிறுத்தாமல் விளிம்பைப் பாருங்கள். முதல் உலகப் போரின் வெள்ளிப் பதக்கத்தின் விளிம்பில் எண், பதவி, பெயர், படைப்பிரிவு நான்கையும் பொடி எழுத்தில் பொறித்திருப்பார்கள். இரண்டாம் போர்ப் பதக்கங்களை பிரிட்டிஷ் வீரர்களுக்குப் பெயரில்லாமல் கொடுத்தார்கள். இந்திய ராணுவத்தினருக்குக் கொடுத்தவற்றில் பெரும்பாலும் பெயரும் எண்ணும் இருக்கும். பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். பளபளப்பாக்குகிறேன் என்று தேய்த்துவிடாதீர்கள், எழுத்துதான் தேயும். (எத்தனையோ வீடுகளில் அந்த வெள்ளி என்றைக்கோ நகைக்கடைக்குப் போய்விட்டது. அது வேறு கதை.)

சில வீடுகளில் பதக்கத்துக்குப் பதிலாக உள்ளங்கையை விடப் பெரிய வெண்கலத் தட்டு ஒன்று இருக்கும். ஒரு பெண் உருவமும் சிங்கமும் அதில் இருக்கும். முதல் போரில் இறந்தவரின் குடும்பத்துக்குக் கொடுத்தது அது. அதில் பெயர் மட்டும்தான் உண்டு, எண்ணோ படைப்பிரிவோ கிடையாது. எனவே அதை வைத்து மேலே நகர முடியாது.

குடும்ப பென்ஷன் புத்தகம், மணியார்டர் ரசீது, இறப்பைத் தெரிவித்து வந்த கடிதம் இவற்றில் எண் இருக்க வாய்ப்பு அதிகம். எதுவுமே இல்லையென்றால் படைப்பிரிவின் ஆவண அலுவலகத்துக்கு எழுத வேண்டும். மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு அது நீலகிரி வெலிங்டனில் இருக்கிறது. மெட்ராஸ் சாப்பர்ஸ் என்று நம் ஊரில் சொல்லும் பொறியாளர் படைக்கு பெங்களூரில். எந்தப் படை என்றே தெரியாதவர்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் ஆரம்பிக்கலாம்.

சாதாரணக் கடிதத்துக்குப் பதில் வரவில்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். கட்டணம் 10 ரூபாய். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். வந்த பதிலில் திருப்தி இல்லையென்றால், அது கையில் கிடைத்ததிலிருந்து 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். இந்தியக் குடிமக்கள் மட்டுமே இந்தச் சட்டத்தில் கேட்க முடியும். மலேசியாவிலோ இலங்கையிலோ இருப்பவர்கள் இங்கே உள்ள உறவினர் பெயரில் போடுங்கள்.

என்ன கேட்கிறோம் என்பதில்தான் சூட்சுமம். 'என் தாத்தாவின் பணி விவரங்கள் அனைத்தும்' என்று கேட்டால், 'வைத்திருக்க வேண்டிய காலம் முடிந்து ஆவணம் அழிக்கப்பட்டது' என்று ஒரு வரிப் பதில் வரும். எனக்கும் முதலில் அதுதான் வந்தது. அழிப்பது ஷீட் ரோல் எனப்படும் தனிநபர் ஏடு. லாங் ரோல் என்று ஒரு பெரிய பதிவேடு உண்டு, ஒருவருக்கு ஒரு வரி வீதம் எழுதியது, அதைப் பொதுவாக அழிப்பதில்லை. 'லாங் ரோலில் இவர் பெயருக்கு நேராக உள்ள பதிவின் நகல்' என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். உறவைக் காட்டும் வாரிசுச் சான்றிதழ் நகலையும் இணைத்துவிடுங்கள். 'மூன்றாம் நபர் தகவல்' என்று தட்டிக் கழிக்க இடம் கொடுக்கக் கூடாது.

2. ஆணையத்தின் பட்டியலில் பெயரைப் பிடியுங்கள்

ஆணையத்தின் இணையதளத்தில் தேடுவதற்குக் காசு கிடையாது. பணம் கட்டினால் கல்லறை விவரம் தருகிறேன் என்று யாராவது சொன்னால், இதே பட்டியலைத்தான் எடுத்துக் கொடுக்கப் போகிறார்.

எந்தத் தேதிக்குள் இறந்தவர்கள் இதில் வருவார்கள் என்பதற்கு வரையறை உண்டு. முதல் போருக்கு 4 ஆகஸ்ட் 1914 முதல் 31 ஆகஸ்ட் 1921 வரை. இரண்டாம் போருக்கு 3 செப்டம்பர் 1939 முதல் 31 டிசம்பர் 1947 வரை. சண்டையில்தான் இறந்திருக்க வேண்டும் என்பதில்லை. பணியில் இருந்தபோது மலேரியாவிலோ விபத்திலோ போனவர்களும் உண்டு.

ராணுவ எண் தெரிந்தால் அதை மட்டும் போட்டுத் தேடுங்கள், பெயரைப் போடாதீர்கள். பெயரைத்தான் நம்ப வேண்டியிருந்தால் எழுத்துக் கூட்டலை விதவிதமாக மாற்றிப் பாருங்கள். ஆரோக்கியசாமி என்ற ஒரே பெயரை 'சாமி', 'ஸ்வாமி', 'சவ்மி' என்று எழுத்தருக்கு எழுத்தர் ஒவ்வொரு விதமாகப் பதிந்திருப்பார்கள். நம் வழக்கப்படி இனிஷியல் இருக்காது. அப்பா பெயர் 'இன்னாரின் மகன்' என்று கூடுதல் தகவல் பகுதியில் ஊரோடு சேர்ந்து வரும். ஊரும் பழைய ஆங்கில வடிவில்தான்: தின்னவேலி, டாஞ்சூர், டிரிச்சினாப்பொலி, ராம்நாட், சிங்கிள்புட். கூடுதல் தகவலில் உங்கள் ஊரும் அவர் அப்பா பெயரும் ஒத்துப்போனால் மட்டும் அவர்தான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பெயரும் வருடமும் மட்டும் பொருந்துவது போதாது.

இரண்டாம் போரில் ரயில்பாதை வேலைக்குப் போய் சயாமில் (இன்றைய தாய்லாந்து) இறந்தவரைத் தேடுகிறீர்கள் என்றால் ஒரு வார்த்தை. காஞ்சனபுரியில் இருக்கும் போர்க் கல்லறை படைவீரர்களுக்கானது. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழ்த் தொழிலாளர்கள் அங்கே இல்லை. நம்பிக்கையோடு டிக்கெட் எடுத்துவிட்டு, அங்கே போய்க் கலங்கி நிற்பதை விட இதை முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

3. கல்லறை எண் என்ன சொல்கிறது?

பெயர் கிடைத்ததும் அதற்கு நேரே ஒரு குறிப்பு இருக்கும். '4. ஜே. 12' என்றால் நான்காம் பகுதி, ஜே வரிசை, 12-ஆவது கல்லறை. இப்படி இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது.

'பேனல்' அல்லது 'ஃபேஸ்' என்று சொல்லி ஓர் எண் இருந்தால், அவருக்குத் தனிக் கல்லறை கிடையாது, நினைவுச் சுவரில் பெயர் மட்டும்தான். யாங்கோனுக்கு வடக்கே தாவ்க்கியானில் உள்ள ரங்கூன் நினைவுச் சின்னத்தில் மட்டும் இப்படி ஏறக்குறைய 27,000 பெயர்கள் உண்டு. இந்துக்களிலும் சீக்கியர்களிலும் பெரும்பாலோரை எரியூட்டியிருப்பார்கள். கோஹிமாவில் அவர்களுக்கென்று உச்சி மேட்டில் தனி நினைவுச் சின்னம் இருக்கிறது, 917 பெயர்களோடு. ஆகவே தாத்தா இந்து, ஆனால் கையில் இருப்பதோ சிலுவை வரிசைப் படம் என்றால், அந்தப் படம் அவருடைய நண்பருடையதாக இருக்கலாம், வெறும் அஞ்சலட்டையாகவும் இருக்கலாம். வீட்டுப் பெரியவர்களிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள்.

'கூட்டுக் கல்லறை' என்று போட்டு '6. டி. 1-5' என இருந்தால், அந்த ஐந்து இடத்துக்கும் சேர்த்துச் சிலரைப் புதைத்திருக்கிறார்கள், யார் எங்கே என்று பிரிக்க முடியாது. 'சிறப்பு நினைவுக் கல்' என்றால், பெரும்பாலும் இந்தக் கல்லறைத் தோட்டத்துக்குள் எங்கோ இருக்கிறார், ஆனால் கல்லுக்குக் கீழே இல்லை.

இன்னொரு வகை பலரைக் குழப்புகிறது. ஊரிலேயே முகாமிலோ மருத்துவமனையிலோ இறந்தவரின் பெயர் டெல்லியில் இருக்கும். இரண்டாம் போரில் இறந்த பிரிக்கப்படாத இந்தியாவின் வீரர்கள் 25,000-க்கும் அதிகமானோருக்கு டெல்லி, கராச்சி இரண்டு இடத்திலும் உள்ள நினைவுப் புத்தகமே நினைவுச் சின்னம். அதில் பெயர் இருப்பதால் டெல்லியில் புதைத்தார்கள் என்று ஆகாது.

4. படம் எடுத்த இடமும் இன்றைய இடமும் ஒன்றுதானா?

அதிகம் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். படத்தின் பின்னால் மெய்க்டிலா என்று பர்மா ஊர் ஒன்றின் பெயர் எழுதியிருந்தால், இன்றைக்கு மெய்க்டிலாவில் தேடிப் பயனில்லை. அக்யாப், மண்டலே, மெய்க்டிலா, சாமாவ் ஆகிய நான்கு போர்க்களக் கல்லறைகளைப் பராமரிக்க முடியாமல், 1951-இல் திறந்த தாவ்க்கியான் கல்லறைத் தோட்டத்துக்கு மாற்றினார்கள். மாறியது கல் மட்டுமல்ல, உடலும்தான்.

நம்மூரிலும் இதே கதைதான். சென்னை நந்தம்பாக்கத்தில், மவுண்ட்-பூந்தமல்லி சாலையில் இருக்கும் மெட்ராஸ் போர்க் கல்லறையை 1952-இல் அமைத்தார்கள். தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் கண்டோன்மென்ட் கல்லறைகளில் சிதறிக் கிடந்த இரண்டாம் போர்க் கல்லறைகளை அங்கே சேர்த்தார்கள். முதல் போரில் இறந்து அப்படிச் சிதறிக் கிடப்பவர்களுக்கு அங்கே பெயர்ச் சுவர் மட்டும்தான். 1943-இல் ஏதோ ஒரு கண்டோன்மென்டில் எடுத்த படம் கையில் இருந்தால், முதலில் நந்தம்பாக்கம் பட்டியலைப் பாருங்கள்.

நினைவுச் சின்னமே ஊர் மாறியதும் உண்டு. ஈராக்கில் உள்ள பஸ்ரா நினைவுச் சின்னத்தின் பழைய படங்களில் அது ஷத்-அல்-அரப் ஆற்றோரம் மாகிலில் நிற்கும். 1997-இல் அதைப் பெயர்த்து, நாசிரியா போகும் சாலையில் 32 கிலோமீட்டர் தள்ளிப் பாலைவனத்தில் நிறுத்தினார்கள். மெசபடோமியாவில் இறந்த மெட்ராஸ் படையினர் பலரின் பெயர் இங்கேதான் வரும். ஆற்றை வைத்து அதைத் தேடினால் கிடைக்காது.

இடமாற்றத்தை எப்படி உறுதி செய்வது? ஆணையத்தின் தளத்தில் ஒவ்வொரு பெயருக்குக் கீழும் ஸ்கேன் செய்த படிவங்கள் சில இருக்கும். அவற்றையும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். கல்லறைப் பதிவு அறிக்கை, கல்லில் பொறிக்க வேண்டியவற்றின் பட்டியல், இடம் மாற்றியிருந்தால் அதற்கான படிவம். இந்த மூன்றாவதுதான் உங்களுக்கு வேண்டியது. பழைய கல்லறைத் தோட்டத்தின் பெயரோ வரைபடக் குறியீடோ அதில் இருக்கும். அதையும் படத்தின் பின்னால் இருக்கும் ஊர்ப் பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒத்துப்போனால், படம் பழைய இடத்தைக் காட்டுகிறது, எண் புதிய இடத்தைக் காட்டுகிறது என்று தெளிவாகிவிடும். அப்படியானால் புதிய இடத்தில் படத்தைத் தூக்கிப் பிடித்து ஒப்பிட வேண்டாம். எண்ணை வைத்து நேராகப் போய் நின்றுவிடலாம். கீழே 7, 8 எண்களில் சொல்லியிருப்பது உங்களுக்குத் தேவைப்படாது.

5. படத்தைப் படிப்பது

ஆல்பத்தில் ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள். ஆல்பத்தோடு ஸ்டுடியோவுக்கு எடுத்துப் போய் குறைந்தது 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். உள்ளங்கை அளவுப் படமென்றால் 1200. பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். முதல் போர்க்காலப் படமென்றால் அட்டையிலேயே பெயர், கல்லறை இருக்கும் இடம், பக்கத்து ரயில் நிலையம் எல்லாம் அச்சிட்டு நிரப்பியிருக்கலாம். அப்போது உறவினர்களுக்கு ராணுவமே இப்படிப் படம் எடுத்து அனுப்பியது.

அப்புறம் திரையில் பெரிதாக்கி, மூலைகளிலிருந்து தொடங்குங்கள். நடுவில் இருக்கும் கல்லுக்குக் கடைசியில் வரலாம்.

படம் இடவலம் மாறி அச்சாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சிட்டது நிறைய உண்டு. ஏதாவது ஓர் எழுத்து தெரிந்தால் போதும். எழுத்தே இல்லையென்றால் சட்டைப் பொத்தான் போன்றவை உதவும். அடுத்துத் தியாகச் சிலுவை தெரிகிறதா என்று பாருங்கள். தியாகச் சிலுவை என்பது ஆணையத்தின் கல்லறைகளில் நிற்கும் உயரமான கற்சிலுவை. அதன் முகப்பில் வெண்கல வாள் ஒன்று தலைகீழாகப் பதித்திருக்கும். வாள் தெரிந்தால் சிலுவையை முன்பக்கமிருந்து பார்க்கிறோம், தெரியாவிட்டால் பின்பக்கமிருந்து. இந்த ஒரு விஷயத்திலேயே தேட வேண்டிய பரப்பு பாதியாகிவிடும். சிலுவையே இல்லை, மரக்குறிகள்தான் என்றால் ஆணையம் கட்டட வேலை தொடங்குவதற்கு முந்தைய படம். அப்போது இருந்த பாதை, வேலி எதையும் நம்ப வேண்டாம்.

நிழலை வைத்துத் திசை பார்க்கலாம், ஆனால் நம் பக்கத்தில் அதில் ஒரு சிக்கல் உண்டு. ஆங்கில வழிகாட்டிகள் 'நண்பகல் நிழல் வடக்கே விழும்' என்று ஒரே போடாகப் போட்டுவிடும். கோஹிமா, இம்பால் இரண்டும் கடக ரேகைக்கு வடக்கே இருப்பதால் அங்கே அது சரி. சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் நிழல் தெற்கே விழும். பர்மாவின் தென்பகுதியிலும் கோடையில் அப்படித்தான். மாதம் தெரியாத படத்தில் நிழலை மட்டும் நம்பித் திசை முடிவு செய்யாதீர்கள்.

முஸ்லிம் வீரர்களின் கல்லறைகள் படத்தில் இருந்தால் அது நல்ல திசைகாட்டி. மக்கா இங்கிருந்து மேற்கே இருப்பதால், இந்தியாவிலும் பர்மாவிலும் அவை ஏறக்குறைய வடக்கு தெற்காக நீண்டிருக்கும்.

இப்போது படத்தின் ஒரு பிரதியை எடுத்து இரண்டு நிறத்தில் குறியிடுங்கள். நகரக் கூடியவை ஒரு நிறம்: மரச் சிலுவை, மரம், செடி, வேலி, கொடிக்கம்பம். நகராதவை இன்னொரு நிறம்: மலைமுகட்டின் கோடு, தேவாலயக் கோபுரம், மதில் மூலை, பாலம், கற்படி. மரங்களை நம்பாதீர்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டும். 1944-இல் கோஹிமாவில் எடுத்த படங்களில் குண்டுபட்டு மொட்டையான அடிமரங்கள்தான் தெரியும். இன்றைக்கு அதே சரிவு முழுக்கப் பச்சை. ஆனால் மாவட்ட துணை ஆணையர் பங்களாவின் டென்னிஸ் மைதானத்தின் கோடுகளை அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். படிப்படியாக இறங்கும் மேடைகளும் அங்கேயே இருக்கின்றன. அங்கே எடுத்த படமென்றால் முதலில் பிடிக்க வேண்டிய இடம் அந்த மைதானம்தான்.

நகராதவை இரண்டுக்குக் குறைவாக இருந்தால் படம் தனியாக உதவாது. அதே இடத்தை வேறு யாராவது எடுத்திருக்கிறார்களா என்று லண்டனின் இம்பீரியல் வார் மியூசியம், ஆஸ்திரேலியப் போர் நினைவகம் இரண்டின் இணையத் தொகுப்பிலும் பாருங்கள். பார்ப்பதற்குக் காசில்லை. கல்லறைப் பெயரையும் வருடத்தையும் ஆங்கிலத்தில் பழைய எழுத்துக் கூட்டலில் போடுங்கள்.

6. கிளம்புவதற்கு முன்

ஆணையத்தின் கல்லறைகளுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. செலவெல்லாம் போக்குவரத்துதான். கல்லறைத் தோட்டத்தின் வரைபடம் ஆணையத்தின் தளத்தில் இருந்தால் அச்சிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். பகுதி எண்கள் எந்தப் பக்கத்திலிருந்து ஓடுகின்றன என்பது அதில்தான் தெரியும்.

கோஹிமா போக இந்தியக் குடிமக்களுக்கும் உள்நுழைவு அனுமதி வேண்டும். இம்பாலுக்கும் 2020 முதல் வேண்டும். இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம், அடையாள அட்டையும் புகைப்படமும் போதும். ரயில் முன்பதிவு செய்த அன்றே விண்ணப்பித்துவிடுங்கள். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு விதி தனி, அடிக்கடி மாறவும் செய்கிறது. விசா எடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

கண்டோன்மென்ட் எல்லைக்குள் இருக்கும் பழைய கல்லறை என்றால் கேமராவுக்கு எழுத்து மூலம் அனுமதி வாங்குங்கள். வாசலில் நிற்கும் ஜவானிடம் வாயால் கெஞ்சி நாளைக் கழிக்க வேண்டாம். டிரோன் எண்ணமே வேண்டாம்.

மலைமுகட்டை வைத்துத் தேடுபவர்கள் மழைக்காலத்தில் போகாதீர்கள். மேகம் மூடிவிட்டால் படத்தில் இருக்கும் கோடு நேரில் இருக்காது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்லது. நவம்பர் 11-ஐ ஒட்டி நினைவு நிகழ்ச்சிகள் நடக்கும், கூட்டம் இருக்கும், அந்த வாரத்தைத் தவிருங்கள்.

கையில் எடுத்துப் போக வேண்டியவை: படத்தின் ஏ4 பிரதிகள் இரண்டு, படிவங்களின் நகல், அளவு நாடா, பென்சில், தண்ணீர் பாட்டில். போனில் இருக்கிறது என்று பிரதி எடுக்காமல் போகாதீர்கள், வெயிலில் திரை தெரியாது.

7. படம் எடுத்தவர் நின்ற இடத்தைப் பிடியுங்கள்

உள்ளே போனதும் கல்லைத் தேட வேண்டாம். படம் எடுத்தவரின் கால் எங்கே இருந்தது என்று தேடுங்கள். அது கிடைத்துவிட்டால் கல் தானாகக் கிடைக்கும்.

படத்தில் அருகில் ஒன்று, தூரத்தில் ஒன்று என இரண்டு நகராத பொருட்களை எடுங்கள், ஒன்றுக்கு நேர் பின்னால் மற்றொன்று தெரிவது போல. மதில் மூலைக்கு நேர் மேலே மலையின் ஒரு பள்ளம் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். தோட்டத்தில் நடந்துகொண்டே பாருங்கள். நீங்கள் இடப்பக்கம் நகர்ந்தால் மதில் மூலை மலையை விட்டு வலப்பக்கம் விலகும். வலப்பக்கம் நகர்ந்தால் மறுபக்கம் விலகும். இரண்டும் படத்தில் உள்ளது போல ஒன்றன்மேல் ஒன்று வரும்போது நில்லுங்கள். படம் எடுத்தவர் இந்த நேர்கோட்டில் எங்கோ நின்றிருக்கிறார். கோட்டிலேயே முன்னும் பின்னும் போனால் இந்த ஜோடி கலையாது.

இப்போது படத்தின் மறுபக்கத்திலிருந்து இன்னொரு ஜோடி. தியாகச் சிலுவையும் அதற்குப் பின்னால் கோபுரமும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஜோடி கலையாமல் கோட்டிலேயே நடந்து, இரண்டாவது ஜோடியும் பொருந்தும் இடத்தில் நில்லுங்கள். அங்கேதான் அவர் நின்றார். ஜோடிகள் படத்தின் இரு ஓரங்களிலும் இருந்தால் இடம் ஓரடி, இரண்டடிக்குள் கிடைக்கும். இரண்டும் ஒரே பக்கத்தில் இருந்தால் பத்தடி தள்ளிப் போகவும் வாய்ப்புண்டு.

பொருந்தியும் படம் போலத் தெரியவில்லையா? சற்றுக் குனிந்து பாருங்கள். அக்காலத்துப் பெட்டிக் கேமராக்களை மார்புக்கோ இடுப்புக்கோ நேராகப் பிடித்து, மேலிருந்து குனிந்து பார்த்து எடுப்பார்கள். ஆணையத்தின் நிமிர்ந்த கல்லுக்கு உயரம் 81 சென்டிமீட்டர். சமதளத்தில் தொடுவானக் கோடு ஒரு கல்லின் ஒன்றரை மடங்கு உயரத்தில் ஓடினால், கேமரா சுமார் 120 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்திருக்கிறது. அதாவது மார்பளவு. ஆனால் தாவ்க்கியான், காஞ்சனபுரி, கோஹிமா போன்ற இடங்களில் நிமிர்ந்த கல் இல்லை. வெண்கலத் தகடு பதித்த குட்டைக் கல்தான், அங்கே இந்தக் கணக்கு உதவாது.

8. வரிசையை எண்ணுவது

நின்ற இடத்திலிருந்து படத்தில் உங்கள் கல் எத்தனையாவது வரிசையில் இருக்கிறது என்று பாருங்கள். ஒரே உயரமுள்ள கற்களில், இரண்டு மடங்கு தூரத்தில் இருப்பது படத்தில் பாதி உயரமாகத் தெரியும். முதல் வரிசைக் கல் பிரதியில் 24 மில்லிமீட்டர், உங்கள் கல் 8 மில்லிமீட்டர் என்றால், முதல் வரிசை இருக்கும் தூரத்தைப் போல மூன்று மடங்கில் இருக்கிறது. நாடாவால் முதல் வரிசைக்கு அளந்து, மூன்றால் பெருக்கி, நடந்து போங்கள். நடுவில் வரிசைகள் ஒன்றையொன்று மறைத்தாலும் இந்தக் கணக்கு காப்பாற்றும். மரச் சிலுவைகளில் உயரம் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் அவற்றில் வேண்டாம்.

போய்ச் சேர்ந்த கல்லின் எண்ணையும் ஆணையத்தின் குறிப்பையும் ஒப்பிடுங்கள். ஓரிரு கல் தள்ளி வந்தால் பதற வேண்டாம். எண் இடமிருந்து ஓடுகிறதா, வலமிருந்தா என்று வரைபடத்தைப் பாருங்கள். படமும் எண்ணும் முரண்பட்டால் எண்ணைத்தான் நம்ப வேண்டும். வழி தெரியாவிட்டால் தோட்டத்தைப் பராமரிப்பவர்களைக் கேளுங்கள். எந்தக் கல் எப்போது மாற்றியது, எந்தப் பாதை புதிது என்பது அவர்களுக்கு அத்துப்படி.

9. கல்லைத் தேய்க்காதீர்கள்

எழுத்து தெரியவில்லையென்றால் சாக்பீஸ், கம்பி பிரஷ், பிளீச்சிங் பவுடர் எதுவும் வேண்டாம். வெறும் தண்ணீர் தெளித்து, போன் வெளிச்சத்தைக் கல்லை ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பும். காலை, மாலை வெயிலே அந்த வேலையைச் செய்துவிடும்.

பூ வைக்கலாம். கல்லின் மேல் கற்பூரம் ஏற்றுவது, மஞ்சள் குங்குமம் வைப்பது, எண்ணெய் விடுவது வேண்டாம். கறை உள்ளே இறங்கிவிடும். விளக்கு ஏற்றியே ஆக வேண்டும் என்று பாட்டி சொல்லியிருந்தால், பராமரிப்பவரிடம் கேட்டு, தரையில் ஒரு தட்டின் மேல் ஏற்றி, முடிந்ததும் எடுத்துவிடுங்கள்.

10. எழுத்துப் பிழை, அல்லது பெயரே இல்லை

பெயரில் பிழை என்றால் ஆணையத்துக்கு மின்னஞ்சலில் எழுதலாம், கட்டணம் இல்லை. ராணுவ எண், கல்லறைக் குறிப்பு, கல்லின் படம், சரியான எழுத்துக்கான ஆதாரம் நான்கையும் முதல் கடிதத்திலேயே அனுப்புங்கள். ஆதாரம் அக்காலத்து ஆவணமாக இருக்க வேண்டும், ஆதார் அட்டை செல்லாது. தமிழ் ஆவணமென்றால் ஆங்கில மொழிபெயர்ப்பும் சேருங்கள்.

பட்டியலிலேயே பெயர் இல்லையென்றால் வேலை பெரிது. படையில் இருந்தார், குறிப்பிட்ட தேதிகளுக்குள் இறந்தார், படையை விட்டு வந்தபின் இறந்திருந்தால் பணியால் வந்த நோயினாலோ காயத்தினாலோ இறந்தார் என்று தனித்தனியாக நிரூபிக்க வேண்டும். லாங் ரோல் நகலும் பென்ஷன் உத்தரவும் இங்கேதான் கைகொடுக்கும். படைப்பிரிவு அந்தத் தேதியில் எங்கே இருந்தது என்பதைக் காட்ட, லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் போர் நாட்குறிப்புகள் உதவும். முதல் போருக்கு டபிள்யூ.ஓ. 95, பர்மா முனைக்கு டபிள்யூ.ஓ. 172 என்ற வரிசை. சிப்பாய்களின் பெயர் அவற்றில் அரிதாகத்தான் இருக்கும், ஆனால் இடமும் தேதியும் இருக்கும். இந்தப் பரிசீலனை மாதக்கணக்கில் இழுக்கும், வருடத்தையும் தாண்டலாம். அவர்கள் தரும் குறிப்பு எண்ணை ஒவ்வொரு மின்னஞ்சலின் தலைப்பிலும் போடுங்கள். அசல் ஆவணம் எதையும் தபாலில் அனுப்பாதீர்கள், ஸ்கேன் போதும்.